டீன் த்ரில்லரின் முதல் காட்சி: அவள் ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கோவில்பட்டியைச் சேர்ந்த ஆறு கல்லூரி நண்பர்கள் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு டீன் த்ரில்லர், அதாவது பதின்வயதுப் பிள்ளைகளை வைத்து ஒரு த்ரில்லர் படம், எடுக்கப் போகிறார்கள். ப்ளஸ் டூ படிக்கும் நிவேதா, அவளோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரியும் தர்ஷினி. ஒரு நாள் தர்ஷினி காணாமல் போகிறாள், நிவேதா தேடுகிறாள். முதல் காட்சியாக எழுதி வைத்திருப்பது இது: மழை கொட்டும் இரவு, காட்டுக்குள் யூனிஃபார்மோடு ஒரு பெண் ஓடுகிறாள், பின்னால் முகமூடி போட்ட ஒருவன், அவள் தடுக்கி விழுந்து கத்துகிறாள், திரை இருட்டாகிறது, "மூன்று நாட்களுக்கு முன்பு" என்று எழுத்து வருகிறது. இதை எத்தனை ஷாட்டாகப் பிரிப்பது, எப்படித் திட்டமிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஷாட் பிரிக்க உட்காரும் முன்னால் இந்தக் காட்சியையே தூக்கிவிடுங்கள் என்பதுதான் என் பதில். பத்து வருடத்துக்கு மேலாக உதவி இயக்குநராகவும் இணை இயக்குநராகவும் வேலை பார்த்திருக்கிறேன், குறும்படப் பையன்களோடு நிறைய உட்கார்ந்து பேசியிருக்கிறேன், இந்த ஓடும் பெண்ணை எத்தனை ஸ்கிரிப்ட்டில் பார்த்தேன் என்று எண்ணி மாளாது. ஓடுகிற பெண் யாரென்று பார்ப்பவனுக்குத் தெரியாது, அதனால் அவள் விழுந்தால் அவனுக்கு வலிக்காது, சத்தத்துக்குத் திடுக்கிடுவான், அவ்வளவுதான். அப்புறம் மூன்று நாள் பின்னால் போனதும் அந்தத் திடுக்கிடலும் காலி, படம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். மழைக்குத் தண்ணீர் லாரி வேண்டும், பைப் வேண்டும், நனைந்த யூனிஃபார்முக்கு மாற்று நாலு செட் வேண்டும். உங்கள் பட்ஜெட்டின் பாதி, கரிசல் காட்டுச் சேற்றில் ஒரே ராத்திரியில் போய்விடும்.

பணத்தை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். பல வருடம் முன்பு ஒரு பதினாறு வயதுப் பையனை ஒருவன் மிரட்டிப் பணம் பறிக்கிற மாதிரி ஒரு குறும்படம் செய்தோம். நல்ல கேமரா, நல்ல எடிட்டிங், எங்களுக்கெல்லாம் ரொம்பப் பெருமை. போட்டுக் காட்டியபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் ரொம்ப நிதானமாக, "ஏன் தம்பி, அந்தப் பையன் அவங்க அப்பாகிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார். எங்கள் ஒருத்தரிடமும் பதில் இல்லை. பதினெட்டு நிமிடப் படம் அந்த ஒரு கேள்வியில் உட்கார்ந்துவிட்டது.

பெரியவர்களை வைத்து எடுக்கும் த்ரில்லரில் நாயகன் தனி ஆள், அவனே போலீஸாகக்கூட இருப்பான். பள்ளிப் பிள்ளைகளை வைத்து எடுக்கும்போது பத்தடிக்குள் எப்போதும் ஒரு பெரிய ஆள் இருக்கிறார். அம்மா, அப்பா, டியூஷன் சார், வாட்ச்மேன், எதிர்வீட்டு அக்கா. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பள்ளிச் சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது. அதனால் டீன் த்ரில்லரின் முதல் காட்சிக்கு ஒரு தலையாய வேலை உண்டு: இந்தப் பெண் யாரிடமும் சொல்ல முடியாமல் போவதற்கான காரணத்தை, ஆபத்து வருவதற்கு முன்பே, பார்ப்பவன் கண்முன்னால் நடத்திக் காட்டிவிட வேண்டும். அதை நடுவில் எங்கேயாவது ஒரு வசனத்தில் "சொன்னா படிப்பை நிறுத்திருவாங்க" என்று சொல்லித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காரணம் உண்மைதான், எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் வசனமாக வரும்போது பார்ப்பவன் அதைக் கேட்டுக்கொள்வானே தவிர நம்ப மாட்டான்.

படமாக எடுக்க ஏற்ற காரணம் எது என்றால், அவளே சொன்ன ஒரு பொய். பயத்தைக் காட்ட வேண்டுமானால் முகத்தையும் இசையையும் நம்ப வேண்டும், பொய்யை அப்படியே எடுக்கலாம், அது ஒரு செயல். சினேகிதிக்காக, பழக்கதோஷத்தில், சிரித்துக்கொண்டே ஒரு பொய். பத்து நிமிடம் கழித்து அந்தப் பொய் கழுத்தை நெரிக்கும். இனி உண்மையைச் சொன்னால் முதலில் மாட்டுவது அவள்தான். அந்தப் பெரியவரின் கேள்விக்கு இது போதும், மிச்சப் படம் முழுக்க அவர் வாயைத் திறக்க மாட்டார்.

சரி, இடம் எது? காட்டுக்குப் போகாதீர்கள், உங்கள் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குப் போங்கள். டியூஷன். ஒரு மாடி வீடு, மேலே வகுப்பு, கீழே தகரக் கூரைக்கடியில் சைக்கிள்கள். அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் ப்ளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்கிறது இல்லையா, ஒரே வருடம் கொடுத்தவை என்றால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இருபது சைக்கிள் நின்றால் எது யாருடையது என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் அடையாளம் வைத்திருக்கும்: ஹேண்டில்பாரில் ரிப்பன், மட்கார்டில் நடிகர் ஸ்டிக்கர், பெயின்டில் எழுதின பெயர், பூட்டுச் சாவியில் தொங்கும் குட்டிப் பொம்மை. இந்த ஊரில் வளராத ஒருவருக்கு இது தோன்றாது, உங்களுக்குக் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதை வைத்துத்தான் படத்தைத் திறப்பேன்.

காட்சியை இப்படி வைத்துக்கொள்ளலாம். இரவு எட்டு மணி, டியூஷன் விட்டுப் பிள்ளைகள் தடதடவென்று படியிறங்குகிறார்கள். நிவேதா சைக்கிள் பக்கத்தில் நின்று போன் பேசுகிறாள். மறுமுனையில் தர்ஷினியின் அம்மா. "ஏட்டி, அவ போனை எடுக்கவே மாட்டக்கா. உங்கூடதான இருக்கா?" நிவேதா கண்ணை ஒருமுறைகூட இமைக்காமல், "ஆமாத்தை, இன்னிக்கு டெஸ்ட்டு. எனக்கு முடிஞ்சிருச்சு, அவ இன்னும் எழுதிட்டிருக்கா. போனை சார் வாங்கி வெச்சிருக்காரு" என்கிறாள். வைத்துவிட்டாள். பக்கத்தில் நிற்கும் இன்னொரு பெண், "அவ எங்கதான்டி போயிருக்கா?" என்று கேட்க, "திருநெல்வேலிக்கு. நாலரை பஸ்ஸு. சைக்கிளை பஸ் ஸ்டாண்டுல போட்டுட்டுப் போறேன்னா. ஒம்பதுக்குள்ள வந்துருவா" என்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். இது முதல் தடவை இல்லை என்று நமக்கே புரிந்துவிடுகிறது.

இப்போது கேமரா அவர்கள் பின்னால் நிற்கும் சைக்கிள் வரிசைக்குப் போகிறது. நடுவில் ஒரு சைக்கிள், மட்கார்டில் வெள்ளை பெயின்டில் தர்ஷினி என்று எழுதியிருக்கிறது. நிவேதா பார்க்கவில்லை, அவளுக்கு முதுகுப் பக்கம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் சைக்கிளை உருவுகிறார்கள், பெல் அடிக்கிறார்கள், ஒருத்தன் இன்னொருத்தன் பையை இழுக்கிறான், வரிசை குறைந்துகொண்டே வருகிறது, அந்த ஒரு சைக்கிள் மட்டும் நகரவில்லை. கடைசியில் சாரின் மனைவி கேட்டைப் பூட்ட வருகிறார். "ஏட்டி, இது யாரு சைக்கிளு? பூட்டணும்லா." நிவேதா திரும்பிப் பார்க்கிறாள். பெயரைப் பார்க்கிறாள். பூட்டில் சாவி அப்படியே தொங்குகிறது. திருநெல்வேலிக்குப் போகிற பெண் சாவியை விட்டுவிட்டுப் போக மாட்டாள், ரெண்டு நிமிடத்தில் வந்துவிடுவோம் என்று நினைக்கிறவள்தான் அப்படி விடுவாள். இங்கே நிவேதா வாயிலிருந்து என்ன வரும்? பாதி உண்மை, பாதி மறைப்பு: "என் ஃப்ரெண்டுதுக்கா. நானே கொண்டு போயிருதேன்."

அப்புறம் தெரு. தெருவிளக்குக்கும் தெருவிளக்குக்கும் நடுவில் இருட்டு. ஒரு பெண் இரண்டு கையிலும் இரண்டு சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருகிறாள். பைக்குள் போன் அடிக்கிறது. இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கிறது, எடுக்க முடியவில்லை, நிற்கவும் இல்லை. அங்கே படத்தின் பெயர்.

மொத்தம் மூன்று நிமிடத்துக்குள் முடியும். ஒருத்தரும் ஓடவில்லை, கத்தவில்லை. ஆனால் யாரோ ஒருத்தி ஆபத்தில் இருக்கிறாள், அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் வாயைக் கட்டிக்கொண்டுவிட்டாள், அந்த டியூஷன் வீட்டிலேயே ஏதோ நடந்திருக்கிறது என்ற மூன்றும் பார்ப்பவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. தர்ஷினி எதற்காகத் திருநெல்வேலி போவதாகச் சொன்னாள் என்பதை மட்டும் முதல் காட்சியில் தொடவே தொடாதீர்கள். அது உங்கள் இரண்டாவது பாதிக்கான சாப்பாடு.

நிவேதா பார்ப்பதற்கு முன்பே நாம் ஏன் சைக்கிளைப் பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள், அவளோடு சேர்ந்து பார்த்தால் அதிர்ச்சி அதிகமாக இருக்குமே என்று. இதற்கு சஸ்பென்ஸ் படங்களுக்குப் பெயர்போன இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன விளக்கத்தை மிஞ்சி இன்றுவரை யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. 1962இல் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோ அவரோடு பல நாள் உட்கார்ந்து எடுத்த பேட்டி 1966இல் புத்தகமாக வந்தது, அதில் இருக்கிறது. இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாது, வெடிக்கிறது, பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே குண்டை வைப்பதை நமக்குக் காட்டிவிட்டு, ஒரு மணிக்கு வெடிக்கும் என்று சொல்லிவிட்டு, சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால் என்று காட்டினால், அதே சாதாரணப் பேச்சு பதினைந்து நிமிடம் நம்மை உலுக்கும். உங்கள் மேஜையடிக் குண்டு அந்த மட்கார்டில் இருக்கும் பெயர். பெயரைக் காட்டின நொடியிலிருந்து அவள் திரும்பிப் பார்க்கிற நொடி வரை நாற்பது விநாடி வையுங்கள். அந்த நாற்பது விநாடியில் வருகிற பெல் சத்தம், கேலி, "நாளைக்கு ரெக்கார்டு நோட்டு கொண்டு வாடி" எல்லாமே கனத்துப் போய்விடும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: பொய்யும் பஸ் ஸ்டாண்டு விவரமும் சைக்கிளுக்கு முன்னால் வந்துவிட வேண்டும். வரிசை மாறினால், சைக்கிள் இருக்கிறது, அப்படியென்றால் தர்ஷினி மேலே பரீட்சை எழுதுகிறாள் போல என்று பார்ப்பவன் நினைத்துக்கொள்வான், குண்டு நமுத்துப் போகும்.

ஷாட் பிரிப்புக்கு வருவோம். பதினைந்து ஷாட்டுக்கு மேல் போகாதீர்கள். அதில் உயிர் நாடி நாலு. ஒன்று, போன் பேசும் நிவேதாவின் மிட் ஷாட் (இடுப்புக்கு மேலே தெரிவது), ஒரே டேக், கட்டே இல்லாமல். பொய் சொல்லும் முகத்தை நடுவில் வெட்டினால் எடிட்டர் அவளுக்காகப் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். இரண்டு, சைக்கிள் வரிசையை 85 மி.மீ. லென்ஸில், வரிசையின் ஒரு முனையிலிருந்து. லென்ஸ் நீளமாக இருந்தால் சைக்கிள்கள் ஒன்றோடொன்று நெருங்கித் தெரியும், உங்களிடம் பன்னிரண்டுதான் இருந்தாலும் முப்பது நிற்கிற மாதிரி இருக்கும். மூன்று, சாவியின் க்ளோசப், இது மொத்தக் காட்சியிலும் ஒரே ஒரு க்ளோசப்பாக இருந்தால் நல்லது, அதற்கு முன்னால் போனுக்கோ செருப்புக்கோ க்ளோசப் போட்டு அதன் மதிப்பைக் குறைக்காதீர்கள். நாலாவது, கடைசித் தெரு வைட், அதாவது தெரு முழுக்கத் தெரியும் ஷாட். கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நகர்த்தாதீர்கள், அவள் தூரத்திலிருந்து நம்மை நோக்கி வரட்டும், நேரம் எடுத்துக்கொள்ளட்டும்.

கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்ததிலும் மாறாமல் இருப்பது, இந்தக் காட்சியில் உங்களைக் கொல்லும், முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். சைக்கிள் ஒவ்வொன்றாகக் குறைகிறது, ஒவ்வொரு டேக்கிலும் ஒவ்வொரு எண்ணிக்கை. ஒவ்வொரு சைக்கிளின் பின்சக்கரத்துக்கு அடியிலும் தரையில் சாக்பீஸால் எண் போடுங்கள், எந்த எண் எந்த வசனத்தில் கிளம்புகிறது என்று ஒரு தாளில் எழுதி ஒருத்தர் கையில் கொடுங்கள், அவருக்கு வேறு வேலையே கொடுக்காதீர்கள். முடிந்தவரை முழு வரிசையிலிருந்து காலி வரிசை நோக்கி, கதை நடக்கும் வரிசையிலேயே எடுங்கள். தர்ஷினி சைக்கிளை ஷூட்டிங் முடியும்வரை ஒருத்தரும் தொடக்கூடாது. டீ வாங்கப் போகிறவர் அதைத்தான் எடுப்பார், நான் பார்த்திருக்கிறேன்.

வெளிச்சம். டியூஷன் வீடு என்றால் டியூப்லைட், அல்லது மலிவான எல்இடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு ஒரு விநாடிக்கு நூறு முறை துடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஒரு பள்ளி வராந்தாவில் முழு நாளும் எடுத்துவிட்டு, எடிட்டில் பெரிய திரையில் போட்டபோதுதான் படம் முழுக்கக் கறுப்புப் பட்டை மேலும் கீழும் ஓடுவதைப் பார்த்தோம், மொத்தத்தையும் மறுபடி எடுத்தோம். விநாடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்தால் ஷட்டரை 1/50 விநாடியில் வையுங்கள். 24 ஃப்ரேம்தான் வேண்டுமென்றால் ஷட்டர் ஆங்கிள் 172.8 டிகிரி, அதுவும் அதே 1/50தான். போனில் எடுப்பதாக இருந்தால் ஃப்ரேம் ரேட், ஷட்டர், வொயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் கையால் பூட்ட வசதியுள்ள ஆப்பில் எடுங்கள், தானியங்கியில் விட்டால் வெள்ளைச் சட்டைப் பையன் ஒருத்தன் குறுக்கே போனாலே மொத்த வெளிச்சமும் ஏறி இறங்கும். எல்இடி சில நேரம் 1/50க்கும் அடங்காது, அதனால் ஒரு நாள் முன்னதாகப் போய் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே விளக்கில் ரெண்டு நிமிடம் எடுத்துப் பெரிய திரையில் பார்த்துவிடுங்கள்.

வீட்டு முகப்போடு ஒரு வைட் வேண்டுமென்றால் அதை இருட்டிய பிறகு எடுக்காதீர்கள். சூரியன் விழுந்ததும் வானம் ஆழ்ந்த நீலமாக நிற்கும் நேரத்தில் எடுங்கள், கீழே டியூப்லைட்டும் மேலே நீலமும் சேர்ந்து, திரையில் முன்னிரவு போலவே இருக்கும், கறுப்பு அட்டை மாதிரி இருக்காது. நம் பக்கம் அந்த வெளிச்சம் இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் தங்காது. ஆறு மணிக்கே எல்லாம் தயாராக இருந்தால் மூன்று டேக் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஒலிக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. சைக்கிளை மிதிக்காமல் தள்ளும்போது பின்சக்கரத்து ஃப்ரீவீல் டிக் டிக் டிக் என்று ஓடும் சத்தம் நம் எல்லோருக்கும் காதில் பழகினது. ஒரு சைக்கிளுக்கு ஒரு தாளம். இரண்டைச் சேர்த்துத் தள்ளினால் இரண்டு தாளமும் ஒத்துவராமல், ஒன்றை ஒன்று துரத்துகிற மாதிரி கேட்கும். அவள் வேகம் கூட்டினால் அதுவும் கூடும். இதற்கு மேல் பின்னணி இசை எதற்கு? படத்தின் பெயர் வரும் வரை இசையே வேண்டாம் என்பது என் கருத்து, உங்கள் இசையமைப்பாளர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. இரண்டு சைக்கிளின் சத்தத்தையும் தனித்தனியாக, அமைதியான தெருவில், மைக்கைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். தெரு வெறுமனே இருக்கும் சத்தத்தையும் ஒரு நிமிடம் எல்லோரும் வாயைமூடி நின்று பதிவு செய்யுங்கள். எடிட்டில் அந்த ஒரு நிமிடம் தங்கம். முடிந்தால் தர்ஷினி சைக்கிளின் செயின் கவரை லேசாகத் தளர்த்தி ஒரு கடகடப்பு வர வையுங்கள். படத்தில் பின்னால் எங்கேயாவது இருட்டில் அந்தக் கடகடப்பு மட்டும் கேட்டால் போதும், பார்ப்பவன் நிமிர்ந்து உட்காருவான்.

நடிப்புக்கு வந்தால், நிவேதாவாக நடிக்கும் பெண்ணிடம் "பயந்த மாதிரி பேசும்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல் போனில் அவளுக்குப் பயமே கிடையாது, அலுப்புத்தான். எத்தனையோ தடவை சொன்ன பொய். ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் சடை நுனியைச் சரிசெய்யட்டும், சீட்டைத் துடைக்கட்டும். மறுமுனை வசனத்தை உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று வாசிப்பது நம் வழக்கம், இந்தக் காட்சிக்கு அது உதவாது. தர்ஷினி அம்மாவாக நடிப்பவரை அடுத்த தெருவில் நிறுத்தி உண்மையாகவே போன் பண்ணச் சொல்லுங்கள். நிஜமான அம்மாக் குரல் காதுக்குள் கேட்கும்போது முகத்தில் வருகிற சின்ன மரியாதை, குரலில் வருகிற குழைவு, அதெல்லாம் சொல்லிக்கொடுத்து வராது. அத்தை என்று எழுதியிருப்பதை ஆன்ட்டி என்று மாற்றிவிடாதீர்கள். ஒரே தெருவில் சின்ன வயதிலிருந்து சோறு போட்டவள் அத்தைதான், அவளிடம் பொய் சொல்வதுதான் பின்னால் நிவேதாவைத் தின்னப் போகிறது. பேச்சு முழுக்க உங்கள் ஊர்ப் பேச்சாக இருக்கட்டும். சென்னைத் தமிழில் "மச்சி" போட்டால்தான் இளமை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வயது பற்றி ஒரு வார்த்தை. இருபத்தைந்து வயதுக்காரரை ப்ளஸ் டூ என்று நிறுத்தும் பழக்கம் நம் சினிமாவில் ரொம்ப நாளாக இருக்கிறது, டீன் கதைக்கு அது விஷம், ஏனென்றால் அந்த உருவத்தைப் பார்த்ததும் "இவ்வளவு பெரிய பொண்ணு தானே பார்த்துக்க மாட்டாளா" என்று தோன்றிவிடும். பதினெட்டு, பத்தொன்பது வயதில், முதலாம் ஆண்டு கல்லூரிப் பெண்கள் நன்றாகப் பொருந்துவார்கள், சட்டச் சிக்கலும் குறைவு. பதினெட்டுக்குக் கீழ் யாரை வைத்தாலும் பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள், அவர்களில் ஒருவர் ஸ்பாட்டிலேயே இருக்கட்டும், ஒன்பது மணிக்குள் அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் பதினான்கு வயதுக்குக் கீழே பிள்ளைகள் வந்தால், குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017இல் வந்த விதிகள் இருக்கின்றன: மாவட்ட ஆட்சியரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும், ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடைவெளி விடாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அதனால் தம்பி, தங்கை வேடத்துக்குச் சின்னப் பிள்ளை வேண்டுமா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். தெருவில் எடுப்பதற்கு உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். யூனிஃபார்ம் எந்த உண்மையான பள்ளியுடையதாகவும் இருக்கக்கூடாது, கட்டம், நிறம், பேட்ஜ் எல்லாம் புதிதாக இருக்கட்டும்.

இன்னொன்று, கதையை உங்கள் ஊரில் நடந்த ஏதாவது சம்பவத்திலிருந்து எடுத்திருந்தால், அந்தப் பெண்ணை யாரும் அடையாளம் கண்டுகொள்ளும் ஒரு விவரம்கூட படத்தில் இருக்கக்கூடாது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது, தெரு, பள்ளி, அப்பாவின் தொழில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் சிறார் நீதிச் சட்டமும் இதில் கண்டிப்பானவை, அதைவிட முக்கியம் அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள் என்பது. அப்புறம், தர்ஷினிக்கு என்ன ஆனது என்று நீங்கள் முடிவெடுக்கும்போது, நிவேதா வயதுப் பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள். 2023 திருத்தத்துக்குப் பிறகு தணிக்கையில் யூஏ (பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்ற) சான்றிதழே 7, 13, 16 என்று மூன்று வயதாகப் பிரிந்திருக்கிறது. வன்முறையை நேரடியாகக் காட்டக் காட்ட அந்தப் பிள்ளைகளுக்கே படம் எட்டாமல் போகும்.

தேதியைப் பொறுத்தவரை, பொதுத்தேர்வு மார்ச் வாக்கில் வந்துவிடும், அதற்கு முந்தைய இரண்டு மாதம் எந்த டியூஷன்காரரும் இடம் தர மாட்டார். ஏப்ரல் கடைசி, மே என்று வைத்தால் இடமும் கிடைக்கும், சைக்கிள்களும் வீட்டில் சும்மா நிற்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

கடைசியாக, உடனே செய்ய வேண்டியது. இரண்டு சைக்கிளை ஒரே நேரத்தில் தள்ளுவது பார்ப்பதற்குத்தான் சுலபம். இடது கைச் சைக்கிள் உள்பக்கமாகத் திரும்பும், பெடல் கணுக்காலில் இடிக்கும், ஹேண்டில்பார்கள் ரெண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும், மேட்டில் ஒன்று பின்னால் நழுவும். நடிக்கும் பெண்ணிடம் ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு சைக்கிளையும் கொடுத்து, தினமும் சாயங்காலம் தன் தெருவில் ஒரு சுற்று தள்ளிப் பழகச் சொல்லுங்கள். தடுமாற்றம் முழுக்கப் போய்விடவும் வேண்டாம். நாலாவது நாள் வாக்கில், விழாமல் தள்ளத் தெரிந்து ஆனால் இன்னும் தோள் இறுகியிருக்கும், அந்தப் பதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பைக்குள் போன் அடிக்கும்போது அவள் கண் ஒரு நொடி பைக்குப் போய், மறுபடி ரோட்டுக்கு வரும், அந்த நொடியில் இடது சைக்கிள் லேசாக ஆட்டம் காணும். அது தானாக நடக்கிற டேக் கிடைக்கும்வரை எடுங்கள்.